என் வீட்டுக்காரர் நனைத்த சுவர்

என் வீட்டுக்காரருக்குச் சாமியைவிடத் தண்ணீர் மேல்தான் நம்பிக்கை அதிகம். தங்கச் சுரங்கத்தில் அவர் பாறை துளைக்கிற மெஷின்காரர். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டேதான் துளைக்க வேண்டும், வெடி வைத்த இடத்தை நனைக்காமல் கிட்டப் போகக் கூடாது என்பதெல்லாம் அங்கே சட்டம். காய்ந்த கல்தூசி நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. என் மாமனார் தண்ணீர் இல்லாமல் துளைத்த காலத்து ஆள். நாற்பத்திரண்டு வயதில் மூச்சு முட்டிச் செத்தார்.

அறுபத்து நாலாம் வருஷம், கோரமண்டலில், சுரங்க ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருந்தோம். மூங்கில் தட்டியில் மண் பூசிச் சுண்ணாம்பு அடித்த சுவர். எதிரே, தங்கம் எடுக்கக் கல்லை மில்லில் அரைத்துக் கொட்டிய மண்மேடு. ஆடிக் காற்றில் அந்தத் தூசி சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். அந்த ஆடியில்தான் எங்கள் மூன்று வயது வள்ளியின் மூச்சில் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"தூசிதான். எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது" என்றார் அவர்.

அன்றிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்ததும் வாளியைத் தூக்குவார். சுவர், தரை எல்லாவற்றிலும் தண்ணீர் தெளிப்பார். ஜன்னலில் ஈரக் கோணி தொங்கும். குழாயடியில் சண்டை போட்டுத் தண்ணீர் பிடித்து வந்தது நான்தான். விசில் கூடினால் இன்னொரு வாளி. தீபாவளி வந்தபோது வள்ளியால் படுக்க முடியவில்லை. என் தோளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே போய் வந்தது. பிள்ளை தங்க மாட்டாள் என்றே நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. அங்கே பரிசோதனை அறையில் வேலை செய்த ஐடா, வள்ளியின் மூச்சைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "வீட்ல சுவர் ஈரமா இருக்குமா? பூசணம் புடிச்சிக்கீதா?" என்று கேட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க வீட்டை வந்து பாத்தியா நீ? தெனம் கழுவுற வீடு அது!"

அவள் கோபப்படவில்லை. "பெட்டிக்குப் பின்னால சுரண்டி, நெருப்புப்பெட்டியில போட்டுக் கொண்டாங்க" என்றாள்.

அவள் வாயை அடைக்கவேண்டும் என்றே டிரங்குப் பெட்டியை நகர்த்தினேன். பின்னால் ஒரு பாய் அகலத்துக்குச் சுவர் கறுத்துக் கிடந்தது. மானம் போய்விட்டது. அந்தப் பெட்டியை மறுபடி சுவரோடு தள்ளிவிடத்தான் கை போயிற்று. உள்ளேயிருந்து வள்ளியின் மூச்சு விசில் கேட்டது. சுரண்டி எடுத்துக்கொண்டு அவரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

ஐடா ஒரு சிட்டிகையைக் கண்ணாடியில் வைத்து மைக்ராஸ்கோப்பை என் பக்கம் திருப்பிவிட்டாள். முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. பிறகு ஒரு காடு தெரிந்தது. கண்ணாடி மாதிரி தண்டுகள், ஒவ்வொன்றின் தலையிலும் சரம்சரமாக மணிகள். ஒரு மணி பெரிது, ஒரு மணி சிறிது என்று இல்லை. எதற்காக வந்தேன் என்பதே அந்த நிமிஷம் எனக்கு மறந்துபோனது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அவர் குனிந்து பார்த்தார். எட்டாயிரம் அடி ஆழத்தில் தங்கரேகை ஓடுவதைப் பார்த்த மனுஷன், தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது! இவ்ளோ ஒழுங்கா யாரு கோத்து வெச்சது?"

"அது ஒவ்வொண்ணும் விதை, தாமோதரன்" என்றாள் ஐடா. "காத்துல மெதக்கும். அதைத்தான் கொழந்த மூச்சோட இழுக்குறா. அவளுக்கு ஒத்துக்கல."

"தண்ணி ஊத்தினா அடங்குமா?"

"தண்ணிதான் அதுக்குச் சோறு."

அவர் கண்ணை எடுக்கவே இல்லை. "நான்தான் சோறு போட்டேன்" என்றார், மெதுவாக.

"அந்தத் தண்ணிய நான்தானே தூக்கியாந்தேன்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வள்ளியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கோணிகளை எறிந்தோம். கறுத்த தட்டியைப் பிய்த்துத் தூரக் கொண்டுபோட்டு, புதுத் தட்டி கட்டி, மண் காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்தோம். ஜன்னலைத் திறந்ததும் வெயில் வந்தது. வெயிலில் தூசி பறப்பதைப் பார்த்து அவர் கை வாளிக்குப் போயிற்று. பாதி வழியில் நிறுத்தினார். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்க இருட்டுக்குள் இறங்கத் தயங்காத ஆள், அன்று இரண்டு கையையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். முதல் ஷிப்ட் முடிந்து வந்தவர், பாயில் தூங்கிய வள்ளியின் மார்பில் காதை வைத்தார். பதறி எழுந்தார்.

"சரோஜா! ஓடியா! சத்தமே வரல!"

மாவுக் கையோடு ஓடினேன். காதை வைத்துக் கேட்டேன். மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது, எல்லார் மூச்சையும் போல.

"மூச்சு வருதுய்யா. விசில்தான் போச்சு."

அவர் நம்பவில்லை. மறுபடி குனிந்து காதை வைத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து வள்ளி கண்ணைத் திறந்து, அவர் தலையைத் தள்ளினாள்.

"எழுந்திரு நைனா, கனக்குது."