முன்னால் போகும் குதிகால்

பக்கிரியின் இடது குதிகாலில் மூன்று வெடிப்புகள் இருந்தன. நடுவில் இருந்தது ஆழமானது. உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு அதன் விளிம்பு வெள்ளையாகத் தடித்துப்போயிருந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கலியமூர்த்தி அந்த மூன்றின் நீள அகலத்தைச் சொல்லிவிடுவான். நான்கு மாதமாக, வாரத்தில் ஆறு நாள், சாயங்காலம் நாலரை மணியிலிருந்து இருட்டும்வரை அவன் பார்த்துக்கொண்டு ஓடியது அதைத்தான்.

இரண்டு பேரும் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவர்கள். விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கிவிட வேண்டும். பலகையால் உப்பை இழுத்து ஓரத்தில் ஒதுக்க வேண்டும். வெயில் ஏறி, வெள்ளை வெளிச்சம் கண்ணைக் குத்த ஆரம்பிக்கும்போது கரையேறிவிடலாம். மற்ற ஆட்கள் சோற்றைத் தின்றுவிட்டுச் சுருண்டு படுப்பார்கள். கலியமூர்த்திக்குப் படுத்தால் கால் ஆடும். "பாயைக் கிழிக்காதடா" என்பாள் அக்கா மங்கம்மா. அவள் அதே அளத்தில் கூடை சுமக்கிறவள். அவன் எழுந்து உட்காருவான், வாசலுக்குப் போவான், வானத்தைப் பார்த்து மணியைக் கணக்குப் பண்ணுவான், மறுபடி வந்து படுப்பான். பக்கிரி வந்து கூப்பிடும்வரை இதே கதைதான்.

எழுபத்தைந்தாம் வருஷம் பங்குனியில் அது ஆரம்பித்தது. டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பக்கிரி திடீரென்று கையைத் தட்டிக் கூப்பிட்டான்.

"டேய் கலியா, இங்க வா. இத்தப் படி."

பாண்டியில் ஒரு நூல் மில்லின் விளையாட்டுச் சங்கம் ஓட்டப் பந்தயம் நடத்துகிறது. மரக்காணம் பஸ் நிலையத்திலிருந்து கோட்டக்குப்பம் வரை, ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு. மில்லின் சொந்த ஓட்டக்காரர்களும் ஓடுவார்கள். அவர்களை விட்டுவிட்டு, வெளியாட்களில் முதலில் வருகிறவனுக்கு மில்லில் வேலை, மில்லின் குழுவிலும் இடம். வயது இருபத்தெட்டைத் தாண்டக் கூடாது.

கலியமூர்த்தி இரண்டு தடவை படித்தான். "ஒரே ஒரு எடந்தான் இருக்குதுண்ணே."

"ஒருத்தன் உள்ள போனா போதும்டா. மத்தவனை அப்பால இழுத்துக்கலாம்."

பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் பக்கிரி மாவட்ட அளவில் ஓடியவன். ஓட்டம் என்றால் என்ன, மூச்சை எப்படி விடுவது, ஓடும் நாளில் எதைத் தின்னக் கூடாது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். கலியமூர்த்திக்குக் கால் மட்டும்தான் இருந்தது.

ரோட்டில் ஓடிப் பார்த்தார்கள். தார் வெறுங்காலைச் சுட்டது. மீனவர் குப்பத்து நாய்கள் ஊர் எல்லைவரை விரட்டின. மூன்றாம் நாள் பக்கிரி அளத்துக்கே திரும்பிவிட்டான். அளத்தின் நடுவே கழுவெளிச் சதுப்பு நிலத்துப் பக்கம் போகிற நீள வரப்பு ஒன்று இருந்தது. களிமண் வரப்பு, எத்தனையோ வருஷமாகச் சுமைக்காரர்கள் மிதித்துக் கல் மாதிரி இறுகிப்போனது. போய்த் திரும்பினால் மூன்று கிலோமீட்டருக்குக் குறையாது. கடல் காற்று நேராக வரும். ஓடுவதற்கு அதைவிட நல்ல தரை அந்த வட்டாரத்தில் கிடையாது.

ஒரே ஒரு சங்கடம். அந்த வரப்பு ஒரு ஆள் அகலம்.

ஒரு பக்கம் பாத்தி, மறுபக்கம் வாய்க்கால். கால் தவறிப் பாத்தியில் விழுந்தால் படிந்த உப்பு சேறாகிவிடும், மேஸ்திரி ராஜாங்கம் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார். ஆகவே வரப்பில் யாரும் யாரையும் முந்துவதில்லை. அளத்தில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். முந்துவதற்கு இடம் விட வேண்டிய சமயம் ஒன்றே ஒன்றுதான். தலையில் கூடையோடு வருகிறவர்கள் "சொமை!" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். முன்னால் வெறுங்கையோடு போகிறவன், அல்லது எதிரே வருகிறவன், உடனே வாய்க்கால் பக்கம் இறங்கிவிட வேண்டும். யார் என்று திரும்பிப் பார்க்கிற வழக்கம் இல்லை. பார்த்துக்கொண்டு நின்றால் சுமை வைத்திருப்பவளின் கழுத்து என்ன ஆவது? குரல் காதில் விழுவதும் கால் இறங்குவதும் ஒன்றாக நடக்கும்.

அதனால் முதல் நாள் எப்படி ஆரம்பித்தார்களோ அப்படியே நான்கு மாதமும் போயிற்று. பக்கிரி முன்னால், கலியமூர்த்தி பின்னால். தினமும் ஏழெட்டு முறையாவது "சொமை!" கேட்கும். இரண்டு பேரும் வாய்க்காலில் இறங்குவார்கள், கூடைகள் போகும், ஏறி மறுபடி ஓடுவார்கள்.

ஒரு நாள் கூடைக்காரப் பெண்கள் தாண்டிப் போகும்போது மங்கம்மா கூடைக்கு அடியிலிருந்து குரல் கொடுத்தாள். "இன்னாடி இது, தினமும் ரயிலு போவுது வருது! பக்கிரிதான் எப்பவும் இஞ்சினா?"

"உன் தம்பி கடைசிப் பெட்டிடீ. பச்சைக் கொடிதான் இல்ல" என்றாள் பின்னால் வந்த குப்பம்மாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. சிரித்தாலும் ஒரு கூடைகூட ஆடவில்லை.

கலியமூர்த்திக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. தான் பக்கிரியைவிட வேகமா, மெதுவா? நான்கு மாதம் ஓடியும் அவனுக்கு அது தெரியாது. அந்தக் குதிகால் என்ன வேகத்தில் போகிறதோ அதுதான் அவனுடைய வேகம். சில நாள் நெஞ்சு முழுக்க மூச்சு மிச்சம் இருக்கும், கால் பரபரக்கும், முன்னால் அந்த மூன்று வெடிப்புகள் அவசரமே இல்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பிடித்துத் தள்ளிவிடலாம் போல இருக்கும்.

மறுநாள் கேட்டுவிட்டான். "ஒரு நாளைக்கு நான் முன்னால ஓடுறேண்ணே."

"முன்னால ஓடுறவன் வேகத்தைக் கட்டணும்டா. உனக்கு அவசரம் ஜாஸ்தி. பதினஞ்சு கிலோமீட்டர்ல படுத்துடுவ."

"ஓடிப் பாத்தாத்தான தெரியும்?"

"பந்தயத்தன்னிக்குப் பாக்கலாம். ரோடு அகலமாத்தான இருக்குது."

பக்கிரி சொன்னது நியாயமாகவும் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

பந்தயத்தன்று காலை ஆறு மணிக்கு நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள். மில் ஆட்கள் வெள்ளை பனியனும் ஷூவுமாக ஒரு கூட்டம். கல்லூரி மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், இரண்டு போலீஸ்காரர்கள், திண்டிவனத்திலிருந்து ஒரு டிரில் மாஸ்டர். வெறுங்காலோடு நின்றவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான்.

"அவசரப்படாத" என்றான் பக்கிரி. கொடி அசைந்தது.

கல்லூரிப் பையன்கள் காற்றாய்ப் பறந்தார்கள். கலியமூர்த்தியின் கால் இழுத்தது, பக்கிரி திரும்பாமலே கையைத் தாழ்த்திக் காட்டினான், இரு என்று. பத்தாவது கிலோமீட்டருக்குள் அந்தப் பையன்கள் ஒவ்வொருவராக இடுப்பைப் பிடித்துக்கொண்டு பனைமரத்தில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தான். பக்கிரி சொன்னது பலித்துக்கொண்டே வந்தது.

கூனிமேட்டில் கடைகளின் முன்னால் ஜனங்கள் கூடியிருந்தார்கள். தொப்பி போட்ட கடைக்காரர் ஒருவர் சொம்பில் தண்ணீர் நீட்டிக்கொண்டே கூடவே நாலு அடி ஓடினார். "சபாஷ், சபாஷ்! மில்லுக்காரங்க அஞ்சு பேரு போயிட்டாங்க. வெளியாளுங்கள்ல நீங்க ரெண்டு பேருதாம்ப்பா முன்னால!"

கலியமூர்த்தி தண்ணீரை வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டான். இரண்டே பேர். ஒரே இடம். முன்னால் மூன்று வெடிப்புகள்.

ரோடு ஒரு பஸ் போகிற அகலம் இருந்தது. வலது பக்கம் அவ்வளவு தாரும் காலியாகக் கிடந்தது. அவன் வலது பக்கம் ஒதுங்கி ஒரு எட்டு வைத்தான். கால் தரையைத் தொடுவதற்கு முன்னால் தயங்கியது. அங்கே தண்ணீர் இருப்பது போல. அவன் தன்னையறியாமல் மறுபடி பக்கிரியின் பின்னால் வந்து சேர்ந்திருந்தான்.

அவனுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் வந்தன. தார் ரோடுடா இது என்று தனக்கே சொல்லிக்கொண்டான். காலாப்பட்டு சவுக்குத் தோப்பு வந்ததும் மறுபடி முயன்றான். இரண்டு எட்டு, மூன்று எட்டு. பக்கிரியின் தோளுக்குப் பக்கத்தில் தன் தோள் வந்தபோது உடம்பு முழுக்க ஒரு கூச்சம். விழப்போகிறவனைப் போலக் கைகள் விரிந்தன. மறுபடி பின்னால்.

நான்கு மாதப் பயிற்சியில் முந்துவது என்ற ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கற்றுக்கொண்டிருந்தான்.

பக்கிரியின் மூச்சு மாறியது அதற்குப் பிறகுதான். அதுவரை சீராக வந்தது, இப்போது நடுநடுவே அறுந்தது. குதிகால் தாழப் பறந்தது. வேகம் குறைந்தது. பின்னால் ஓடியவனின் வேகமும் குறைந்தது. குறைந்தே ஆக வேண்டியிருந்தது. அவனுக்குள் இன்னும் எவ்வளவோ மிச்சம் இருந்தது. அது கொதிக்கிற உலைபோல மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

அப்போது பின்னால் சத்தம் கேட்டது. தட், தட், தட். ஷூ சத்தம். திரும்பிப் பார்த்தான். கல்லூரிப் பையன்களில் ஒருவன், நெட்டையானவன், பனைமரத்தில் சாயாமல் பின்தங்கி வந்தவன், ஐம்பது கஜத்தில் வந்துகொண்டிருந்தான். கோட்டக்குப்பத்துக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர் இருக்கலாம். அவன் தாண்டினால் இரண்டு பேருக்குமே இல்லை.

"அண்ணே, ஆளு வர்றான்" என்றான்.

பக்கிரியின் தலை மட்டும் அசைந்தது. சொல்ல மூச்சில்லை.

தட், தட், தட். முப்பது கஜம். கலியமூர்த்தி வலது பக்கம் பார்த்தான். தார் மினுமினுத்தது, பாத்தித் தண்ணீர் மாதிரி. இருபது கஜம். நெஞ்சிலிருந்து ஒரு குரல் கிளம்பி, அவன் யோசிப்பதற்குள் வாயைத் தாண்டிவிட்டது.

"சொமை!"

பக்கிரி திரும்பிப் பார்க்கவில்லை. அளத்தில் தினமும் ஏழெட்டு முறை செய்ததைப் போல இடது பக்கம் ஒதுங்கி ரோட்டை விட்டு இறங்கினான். அங்கே வாய்க்கால் இல்லை, கணுக்கால் புதையும் மணல். அவன் தடுமாறி ஒரு கையை ஊன்றியதைக் கலியமூர்த்தி ஓரக்கண்ணால் பார்த்தான். பிறகு அவனுக்கு முன்னால் ரோடு மட்டும்தான் இருந்தது.

குதிகால் இல்லாத ரோடு. அவன் ஓடினான். ஷூ சத்தம் கொஞ்ச தூரம் துரத்தியது, தேய்ந்தது, நின்றுபோனது. கோட்டக்குப்பத்தில் கயிறு கட்டியிருந்த இடத்தை அவன் தாண்டியபோது மில் அதிகாரி ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு வாரம் விட்டு வரும் திங்கட்கிழமை வந்து சேரும்படி ஒரு கடிதமும், ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் ஷூவும் கொடுத்தார். வெளியாட்களில் நெட்டைப் பையன் இரண்டாவது. பக்கிரி மூன்றாவது.

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். பக்கிரி ஜன்னலோரம் உட்கார்ந்தான். கலியமூர்த்தி அவனுக்குப் பின் ஸீட்டில்.

"அவன் ரெண்டு பேரையும் தாண்டியிருப்பாண்ணே. பக்கத்துல வந்துட்டான்."

"ம்."

"ஒருத்தன் போனா போதும்னு நீதான சொன்ன. அப்பால நான் இழுத்துக்கறேன்."

பக்கிரி ஜன்னல் வழியே சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆவணி வந்தா எனக்கு இருபத்தெட்டு முடியுதுடா" என்றான்.

கலியமூர்த்திக்கு அது தெரியாததல்ல.

அந்த வாரம் அவன் அளத்து வேலைக்குப் போகவில்லை. கடற்கரைக்குப் போனான், பஸ் நிலையத்துக்குப் போனான், ஷூவைப் போட்டு நடந்து பார்த்தான், கழற்றினான். ஓடலாம் என்று ஒரு சாயங்காலம் தனியாகக் கிளம்பி, எங்கே பார்த்துக்கொண்டு ஓடுவதென்று தெரியாமல் பாதியில் திரும்பினான். ஞாயிற்றுக்கிழமை மாலை பாண்டிக்கு ஆறு மணி பஸ். அதற்கு முன்னால் சொல்லிக்கொண்டு வந்துவிடலாம் என்று ஐந்து மணிக்கு மேல் அளத்துக்குப் போனான், ஷூவோடு.

அன்று இரண்டு லாரிகள் சேர்ந்து வந்துவிட்டதால் உப்பு வாருகிறவர்களும் கூடை தூக்கிக்கொண்டிருந்தார்கள். நீள வரப்பில் அவன் பாதி தூரம் போனபோது எதிரே வரிசை வந்தது. முதல் ஆள் பக்கிரி. தலையில் சும்மாடு, அதன்மேல் நிறைந்த கூடை, கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

கலியமூர்த்தி என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தான். குரல் வரும், இறங்கிக்கொள்ளலாம் என்று எண்ணினான். குரல் வரவில்லை. பத்தடி தூரத்தில் பக்கிரி நின்றுவிட்டான். சுமையோடு யாரும் வரப்பில் நிற்க மாட்டார்கள். அவன் நின்றான். அவனுக்குப் பின்னால் ஐந்து கூடைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

"யாருடி அது நடுவுல? கழுத்து ஒடியுது!" என்று பின்னாலிருந்து மங்கம்மா கத்தினாள்.

கலியமூர்த்தி வாய்க்காலில் இறங்கினான். உப்புத் தண்ணீர் ஷூவுக்குள் குளிர்ந்து ஏறியது.

பக்கிரி நடந்தான். அவனைத் தாண்டும்போது, கூடையை ஆட்டாமல், தலையைத் திருப்பாமல் கேட்டான்.

"அன்னிக்கு உன் தலையில இன்னாடா இருந்துச்சு?"

பதிலுக்கு நிற்கவில்லை. சுமையோடு நிற்க முடியாது. மூன்று வெடிப்புகளும் ஏறி இறங்கி, லாரியை நோக்கிப் போயின. பின்னாலேயே குப்பம்மாள், இன்னும் மூன்று பேர். ஒருத்தியும் கேலி பேசவில்லை. கடைசியாக வந்த மங்கம்மா மட்டும் கண்ணைத் தாழ்த்தி அவன் காலைப் பார்த்தாள்.

"புது ஷூடா. உப்பு தின்னுடும். மேல ஏறு."

அவளும் போய்விட்டாள். வரப்பு காலியாக இருந்தது. இரண்டு பக்கமும் எந்தச் சுமையும் வரவில்லை. ரோட்டுப் பக்கமிருந்து ஆறு மணி பஸ் இரண்டு முறை ஹார்ன் அடித்தது. கலியமூர்த்தி வாய்க்காலிலேயே நின்றுகொண்டிருந்தான்.