செவ்வாய்க்கிழமை சுட்டி

முழங்கால் இரண்டும் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது ஜோசப்ராஜுக்கு. வடக்கே கோர்படியில் ராணுவத்தின் பழைய வெடிமருந்துக் கிடங்கை ஜனங்கள் பார்க்கத் திறந்துவிடப் போகிறார்கள். யார் எந்த வழியில் ஏறுவது, எங்கே நின்று கதை கேட்பது என்று முடிவு செய்ய, அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சரிவுப் பாதையில் அவனை ஏற்றி இறக்கினார் சந்தானம். நகரின் இன்னொரு கோடியில், பாணேரில் ஐடி வேலை அவருக்கு. திட்டக் குழுவுக்குத் தலைவர். ஜோசப்ராஜ் கிடங்குக்கு மேற்பார்வை.

"வாரத்துல ஒரு நாள் லீவு விடணும் ஜோசப். எந்த நாள்?"

"செவ்வாய் சார்." யோசிக்காமல் சொன்னான்.

அவனுக்குள் ஒரு கணக்கு. கிடங்கின் பின்சுவர் மாடத்தில் அந்தோணியார் சொரூபம் இருக்கிறது. அங்கே பெட்டி சுமந்த தமிழாட்கள் அந்தக் காலத்தில் வைத்தது. செவ்வாய்தோறும் நம்ம சனம் பக்கவாசல் வழியாகப் போய் மெழுகுவர்த்தி ஏற்றும். காவல்காரர்கள் கண்டுகொள்வதில்லை. இனி டிக்கெட் வாங்கி வருகிறவன் முழங்காலில் நிற்பவர்களை போட்டோ எடுப்பான். செவ்வாய் லீவு விட்டால் நம்மவர்கள் நிம்மதியாகக் கும்பிடலாம்.

இரண்டு நாள் கழித்துச் செவ்வாய் சாயங்காலம் போய்ப் பார்த்தால் பக்கவாசலில் புதுப்பூட்டு. வெளியே பெரியம்மா மகள் லூர்து அக்கா நின்றாள்.

"ஏலே, என்னல செஞ்சு வச்சிருக்க?"

மகன் டெக்ஸ்டருக்கு வியாழக்கிழமை கண் ஆபரேஷன். அதற்காக அந்தோணியாருக்குப் பதின்மூன்று செவ்வாய் விடாமல் வருவதாக நேர்ந்திருந்தாள். இது கடைசிச் செவ்வாய்.

ஜோசப்ராஜ் காவலறைக்கு ஓடினான். ஓடினான் என்ன, நொண்டினான். "சுட்டின்னா சுட்டி, லீவுதான். சாவி உள்ள போயிடுச்சு. லீவு நாள்ல யாரையும் விடக்கூடாதுன்னு ஆர்டர்," என்றான் காவல்காரன் இந்தியில். ஜோசப்ராஜ் சந்தானத்துக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

"அடடா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஜோசப். திங்களா மாத்திடலாம். ஆனா ஆர்டர் நேத்தே போயிடுச்சு, இன்னிக்கு என் கையில இல்ல. மாத்த அனுமதி வர ஒரு மாசம் ஆகும்."

மாடத்தைப் பற்றி அதுவரை அவரிடம் அவன் மூச்சுவிட்டதில்லை. சொன்னால் அதையும் சுற்றிக் காட்டுகிற இடமாக்கிவிடுவார்கள் என்ற பயம்.

லூர்து வாசலுக்கு வெளியே தரையில் மெழுகுவர்த்தியை நட்டாள். செவ்வாயை லீவாகக் கேட்ட காரணத்தைச் சொல்லிக்கொண்டே அவன் குனிந்து இரண்டு கையாலும் மறைத்தான். லாரி ஒன்று போனது, அணைந்தது. மறுபடி ஏற்றினாள், மறுபடி அணைந்தது.

"எங்கள யாரும் பாக்கக் கூடாதுன்னு நினைச்ச, சரி. எங்கள்ட்ட ஒரு வார்த்த கேட்டியால?"

அவன் தீப்பெட்டிக்குக் கை நீட்டினான்.

"விடு. கால வச்சிக்கிட்டு நிக்காத, வீட்டுக்குப் போ."

மெழுகுவர்த்தியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள். ஜோசப்ராஜ் பூட்டைப் பிடித்தபடி நின்றான். திங்கள் லீவாகும், செவ்வாய் திறக்கும், அக்காவும் எப்போதாவது வருவாள். ஆனால் வியாழனுக்கு முன்னால் இன்னொரு செவ்வாய் வராது. அந்தப் பதின்மூன்றாவது செவ்வாய் லூர்துக்கு அவன் பட்ட கடன். அது அப்படியே நிற்கிறது.