என் பெயர்தான் முதலில்

மாரித் வெஸந்தோவுக்கு மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்த அன்று முதல் பூங்கொத்தைக் கொடுத்தவள் நான்தான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதவளும் நான்தான். அதையும் சொல்லிவிடுகிறேன், ஒளித்து என்ன ஆகப்போகிறது?

நாங்கள் இருவரும் ஆங்கில நாவல்களை ஃபின்னிஷ் மொழிக்குக் கொண்டுவருகிறவர்கள். இருவருக்கும் ஊர் தம்பெரே. பல்கலைக்கழகத்தில் ஒரே பெஞ்சு. நான் ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொள்வேன். அவள் காப்பி ஆறுவதற்குள் முடித்துவிட்டு, "நல்லாத்தானே வந்திருக்கு?" என்பாள். நன்றாகத்தான் வந்திருக்கும். அதுதான் வயிற்றெரிச்சல்.

போன ஜனவரியில் பதிப்பாசிரியர் ஓஸ்மோ எங்களைக் கூப்பிட்டார். அறுநூறு பக்க நாவல், அக்டோபர் புத்தகச் சந்தைக்குள் வந்தாக வேண்டும். "முதல் பாதி மாரித், ரெண்டாவது பாதி நீங்க," என்றார். அவசரம் என்றால் எங்கள் தொழிலில் இப்படிப் பிரித்துக்கொள்வதுண்டு. அதற்காக இருவருக்கும் பொதுவாக ஒரு சொற்பட்டியல் இருக்கும். யாருக்கு எந்தச் சொல் அகப்பட்டாலும் அன்றே அதில் ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் நடுவழியில் கதாநாயகியின் குரலே மாறிப்போகும்.

முதியோர் இல்லத்து நர்ஸ் ஒருத்தியின் கதை அது. 'கேர்' என்கிற ஒரே ஆங்கிலச் சொல் நூற்று நாற்பது இடங்களில் வருகிறது. ஓரிடத்தில் பராமரிப்பு, ஓரிடத்தில் கவலை, ஓரிடத்தில் அக்கறை, ஓரிடத்தில் 'எனக்கென்ன வந்தது?' கடைசிப் பக்கத்தில், அவளை உதறிவிட்டுப் போன மகன் வாசலில் வந்து நின்று, தன்னைச் சேர்த்துக்கொள்வாளா என்று கேட்பதும் அதே சொல்லை வைத்துத்தான். இடத்துக்கு ஒரு சொல்லாகப் போட்டால் அர்த்தம் வந்துவிடும். ஆனால் அந்தப் பையன் அம்மாவின் சொல்லைத்தான் அம்மாவிடமே திருப்பிச் சொல்கிறான் என்பது வாசகனுக்குத் தெரியவே தெரியாது.

மாரித் பட்டியலில் ஐந்து சொற்களைப் போட்டு, கீழே எழுதியிருந்தாள்: 'இதுக்கு மேல எனக்கு ஓடல. உனக்கு ஏதாவது தோணுச்சுன்னா போடுடி.'

பிப்ரவரியில் எனக்குத் தோன்றியது. பஸ்ஸில் ஒரு கிழவர் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டி, "ஹுவோலித்கோ?" என்றார். எடுத்துக்கிறியா என்று. நான் எழுந்தே நின்றுவிட்டேன். எங்கள் மொழியில் கவலைக்கு 'ஹுவோலி'. ஒருவரைப் பார்த்துக்கொள்வதும் அந்த வேரிலிருந்து வருவதுதான். நீட்டியதை ஏற்றுக்கொள்வதும் அதே வேர்தான். நூற்று நாற்பது இடங்களும் அதில் அடங்கிவிடும், வாசலில் நிற்கும் மகன் உட்பட. வீட்டுக்கு ஓடிவந்து பட்டியலைத் திறந்தேன். மாரித்தின் ஐந்து சொற்களும் வரிசையாக நின்றன. மூடிவிட்டேன்.

ஏன் கொடுக்க வேண்டும்? கொடுத்தால் அதை என்னைவிட அழகாகக் கையாண்டுவிடுவாள். பேரும் அவளுக்குத்தான் போகும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் பேரைச் சொல்லி, 'இது ஹில்லெவி செய்தது' என்று ஊர் பேசட்டுமே!

வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஆறிலிருந்து ஏழு வரை எங்கள் குடியிருப்பின் சௌனாவில், அதாவது பொது நீராவிக் குளியலறையில், என் முறை. இருபது வருஷமாக மாரித்தும் வருவாள், வந்ததும் மேல்பலகையில் என் இடத்தில் உட்காருவாள். அந்த வாரம், ஆவி கிளம்ப அடுப்புக் கல்லின் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கேட்டாள்:

"அந்தச் சொல்லுக்கு ஏதாவது மாட்டுச்சா?"

"இல்ல."

"உனக்கே மாட்டலையா? அப்போ நமக்கு அந்தக் கொடுப்பினை இல்ல, விடு."

அந்த 'உனக்கே' என்னைச் சுட்டது. ஆனாலும் வாளியிலிருந்து இன்னொரு கரண்டித் தண்ணீரை அள்ளிக் கல்லின் மேல் ஊற்றினேன்.

என் பாதியைக் கடைசி நாளன்றுதான் அனுப்பினேன். ஓஸ்மோ போனில் கத்தினார். "பிரமாதம்! ஆனா முதல் பாதியில இது இல்லையே! முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? இனிமே மாத்த எங்க நேரம்?"

"இப்பதான் தோணுச்சு," என்றேன்.

இன்னொரு வேலையும் பார்த்தேன். தலைப்புப் பக்கத்தில், முதல் பாதி மாரித்துடையது என்பதால் அவள் பெயரை முதலில் போட்டிருந்தார்கள். "அகரவரிசைன்னு ஒண்ணு இருக்கு ஓஸ்மோ. நான் அஹ்தோலா, அவ வெஸந்தோ," என்று சண்டைக்கு நின்றேன். மாரித் சிரித்தாள். "அட, அவ பேரையே முதல்ல போடுங்க. எனக்கென்ன!"

சந்தைக்கு முந்தின நாள் பேப்பரில் மதிப்புரை வந்தது. ரை ரொட்டியைக் கடித்துக்கொண்டே படித்தேன்.

'முதல் பாதியை மொழிபெயர்த்த ஹில்லெவி அஹ்தோலா பிழையில்லாமல் செய்திருக்கிறார், அவ்வளவுதான். இரண்டாம் பாதி மாரித் வெஸந்தோ கைக்குப் போனதும் அந்த ஒரு சொல் உயிர்பெற்று எழுகிறது. சும்மாவா பரிசு கொடுத்தார்கள்!'

முதல் பெயருக்கு முதல் பாதி என்று அந்த மனுஷன் எடுத்துக்கொண்டுவிட்டான். பேப்பரைக் கசக்கி எறிந்தேன். திரும்ப எடுத்து நீவி மறுபடி படித்தேன். இது என்னுடையது என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால், முதல் பாதியில் ஏன் இல்லை என்று அடுத்த கேள்வி வரும். என் கையாலேயே என் வாயைக் கட்டிக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாரித் வந்தாள். என் இடத்தை விட்டு, கீழ்ப்பலகையில் உட்கார்ந்தாள்.

"பேப்பர் பார்த்தியா?"

"ம்."

"அந்த ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன், ரெண்டாவது பாதி உன்னோடதுன்னு. நாளைக்குத் திருத்தம் போடுறாங்களாம்."

ஒரு நொடி, வெட்கமில்லாமல், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"உன் பாதியை இப்பதான் முழுசா படிச்சேன்," என்றாள். "முன்னூறு பக்கமும் அந்தச் சொல்லுல ஊறிக் கிடக்கு. ஓஸ்மோகிட்ட நீ சொன்ன மாதிரி கடைசி வாரத்துல கிடைச்ச சொல்லு அப்படி ஊறாதுடி. பிப்ரவரியில இங்க உட்கார்ந்து கேட்டேனே, அப்பவே இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இருந்துச்சு," என்றேன்.

"ஏன்டி?"

"எல்லாத்தையும் நீயே வாங்கிட்டுப் போறியே! எனக்குன்னு ஒண்ணாவது மிஞ்ச வேண்டாமா?"

கரண்டி வாளியிலேயே கிடந்தது, கல்லின் மேல் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

"மறுபதிப்பு போடுறாங்களாம். என் பாதியைத் திருத்தணும். உன் சொல்லை நான் எடுத்துக்கட்டுமா?"

கெஞ்சலும் இல்லை, குத்தலும் இல்லை. பக்கத்து வீட்டில் கத்தரிக்கோல் கேட்கிற மாதிரி கேட்டாள். அப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. இப்படிக் கேட்க எனக்கு ஏழு ஜென்மத்திலும் வராது.

"எடுத்துக்கோ."

"தேங்க்ஸ்," என்று துண்டைச் சுற்றிக்கொண்டு போனாள்.

மறுநாள் திருத்தம் வந்தது, இரண்டே வரி. என் பெயரை எழுத்துப் பிசகாமல் போட்டிருந்தார்கள். கத்தரித்து எடுத்தேன். யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. யோசித்துப் பார்த்தால், என்னைப் பற்றிப் பேப்பரில் வந்த எதையும் நான் மாரித்தைத் தவிர வேறு யாரிடமும் காட்டியதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு சௌனாவுக்குப் போனேன். மேல்பலகையில் என் இடத்தில் அவளுக்கு ஒரு துண்டை விரித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு அடுத்த வீட்டுக்காரர்கள் தங்கள் முறைக்கு வந்து கதவைத் தட்டியபோதும், யாரும் உட்காராமல் அது விரித்தபடியே கிடந்தது.