யோகேந்திரனுக்கு ஒரு நாசி லெமாக்

"இண்டைக்கும் கை கழுவினவரோ?" வதனி வாசலிலேயே கேட்டாள்.

"ஓம். நான் சோறு வடிக்கிற நேரத்துக்குச் சரியா குழாய் திறந்துது, பூட்டுப்பட்டுது. பிறகு ஒரு சத்தமுமில்லை. சாப்பாட்டுக்கு இருந்திட்டார் போலை," என்றாள் பாலாம்பிகை.

அவளுடைய கணவர் யோகேந்திரன் இறந்து மாதம் ஒன்றுக்கு மேலாகிவிட்டது. வதனி அவருடைய தங்கை. எட்டாம் நாள் படையலான எட்டுச்செலவுக்கு அவருக்குப் பிடித்ததையெல்லாம் இருவரும் சேர்ந்து சமைத்துப் படைத்தார்கள். பிட்டு, சுறா வறை, ஒடியற்கூழ், ஒரு கிளாஸ் சாராயம்கூட. வயிறு நிறைந்தால் போய்விடுவார் என்றுதான் நினைத்தார்கள். அவர் போகவில்லை. புலம்பெயர்ந்து வந்த ஊரான பார்க் எக்ஸ்டென்ஷனில் அந்த மாடிவீட்டில் பாலாம்பிகை நித்திரையில்லாமல் பாதியாகிவிட்டாள்.

"ஏதோ ஒண்டை விட்டிட்டம், மச்சாள். நல்லா யோசியுங்கோ. அண்ணை கேட்டு நீங்கள் குடுக்காதது என்ன?"

"நாசி லெமாக்."

"அதென்ன கோதாரி?"

"இஞ்சை வரமுதல் மலேசியாவிலை நிண்டவரெல்லே. அங்கத்தைச் சோறு. சந்தையிலை ஒரு மலாய்க்காரி விக்கிறாள், வாவன் ஒருக்கா எண்டு ஒவ்வொரு கிழமையும் கேப்பார். எங்கடை பாற்சோத்துக்கு மேலை நெத்தலியும் கச்சான் கடலையும் தூவி ஏமாத்திறாள் எண்டு நக்கலடிப்பன். கடைசிவரைக்கும் போகேல்லை."

"எழும்புங்கோ. இண்டைக்குச் சந்தை."

மலாய்ப் பெண் வாழையிலைக்குள் சோற்றை வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். "பொன்ஜூர்! இதுதான் கடைசிப் பொதி," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். புதுமுகங்கள் என்று கண்டதும், பானையின் அடியில் மிஞ்சிய சோற்றில் கொஞ்சம் சம்பல் தொட்டு, கரண்டியைப் பாலாம்பிகையிடம் நீட்டினாள். "ருசி பாருங்கள், மடாம்."

பாலாம்பிகை வாயில் வைத்தாள். தேங்காய்ப்பாலும் ரம்பை இலையும் மணத்தன. சம்பல் முதலில் இனித்து, பிறகு காதுவரை உறைத்தது.

"அட, நல்லாத்தான் கிடக்கு."

வதனி அவள் கையைப் பறித்துப் பிடித்தாள். "என்ன வேலை பாத்தியள்! படைக்கப்போற சாப்பாட்டிலை உப்புக்கூடப் பாக்கக்கூடாதெண்டு தெரியாதே?"

"இது பானையிலை கிடந்ததடி. பொதி வேறை."

"ஒரு பானைச் சோறுதானே! நீங்கள் முதல் வாய் வைச்சால் அது படையலில்லை, மச்சாள். அவரோடை கூடியிருந்து சாப்பிடுறது."

"வேறை பொதியும் இல்லை. இன்னும் ஒரு கிழமை என்னாலை ஏலாது. நட."

குசினி மேசையில் பொதியை அவிழ்த்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு, இருவரும் வெளிப்படிக்கட்டில் போய் இருந்தார்கள். கீழே பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு நேரம் காணும்," என்று வதனி எழுந்தாள். முறைப்படி கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார்கள்.

ஒரு பருக்கை குறையவில்லை. ஆனால் சோறு நடுவால் பிரிந்து இரண்டு குவியலாக இருந்தது. முட்டையும் பாதி பாதி. ஒரு குவியல் அவர் வழமையாக இருக்கும் பக்கம். மற்றக் குவியலுக்கு நேரே பாலாம்பிகையின் கதிரை, அவள் இருக்கத் தோதாகப் பின்னுக்கு இழுபட்டு நின்றது.

"இருக்காதேங்கோ," வதனி குறுக்கே வந்து நின்றாள். "கும்பிட்டுக் கேக்கிறன். வாங்கோ, என்ரை வீட்டை போவம்."

"எனக்காகப் பாத்துக்கொண்டெல்லே இருக்கிறார்."

"இருக்கட்டும்! நீங்கள் வாங்கோ."

பாலாம்பிகை கதிரையைத் தொடவில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவந்ததையே, யோசிக்காமல் சொன்னாள்.

"நீங்கள் சாப்பிடுங்கோ. நான் பேந்து சாப்பிடுறன்."

வதனி அவள் வாயைப் பொத்தினாள். பிந்திவிட்டது.

அவளை வெளியே இழுத்துக் கதவைச் சாத்தினாள். உள்ளே கச்சான் கடிபடும் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக.

"பேந்து எண்டு ஏன் சொன்னனீங்கள், மச்சாள்? பிறகு வாறன் எண்டு வாக்குக் குடுத்தமாதிரியெல்லே!"

"வேறை என்னத்தைச் சொல்லுவன்?"

சத்தம் நின்றது. வெகுநேரம் பொறுத்துத் திறந்தார்கள். வீடு லேசாகியிருந்தது, ஆளில்லாத வீடு என்பது இருவருக்கும் உடனே தெரிந்தது. அவர் பக்கம் இலை வழித்துத் துடைத்தபடி கிடந்தது. மற்றப் பாதிச் சோறு அப்படியே இருந்தது. ஈ மொய்க்காதபடி, இலையின் ஓரத்தை மடித்து அதன்மேல் பக்குவமாக மூடியிருந்தது.

"போயிட்டாரோ?"

"ஓம்," என்றாள் பாலாம்பிகை. "எனக்கு எடுத்து வைச்சிட்டுப் போயிட்டார்."