மருதஞ் சருகுத் தண்ணீர்

புதுக்குடியிருப்பில் யாருடைய உலையில் என்ன வேகிறது என்பது வீட்டுக்காரிக்குத் தெரியுமுன் வடிவம்மாவுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவளுக்கே, பக்கத்து வளவுத் தவமணியின் மகன் சாருஜன் தேத்தண்ணிக் கடையின் உடைந்த கண்ணாடி வடைப்பெட்டியை வாங்கி வந்தது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த மனக்குறை அவளுக்கு நெடுநாள் தீரவில்லை.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. பொருளாதாரத் தடைக்காலத்தில் வேறு கண்ணாடிக்கு எங்கே போவது? வள்ளத்துக்குப் பூசுகிற குங்கிலியத்தைக் காய்ச்சிப் பெட்டியின் மூலைகளை அடைத்தான். ஆற்றங்கரையில் பொறுக்கிய மருதஞ் சருகைக் கழுவி அடியில் பரப்பினான். ஒரு வேர்க்கட்டையைச் சாய்த்து வைத்துத் தண்ணீர் ஊற்றினான். பத்து நாளில் தண்ணீர் கறுத்தது. பிறகு ஓடையிலிருந்து சுண்டுவிரல் நீளத்தில், கண் சிவந்த இரண்டு மீன்களைக் கொண்டுவந்து விட்டான்.

"தவமணி, உன்ர மோன் வாய்க்கால் ஊத்தையைப் பெட்டிக்குள்ள அடைச்சு வைச்சிருக்கிறானாம். உண்மையோ பிள்ளை?" என்று கேட்டாள் வடிவம்மா.

சாருஜன்தான் பதில் சொன்னான். "ஊத்தை இல்லை மாமி, இலைச்சாறு. இதுகள் பிறந்த இடத்திலயும் தண்ணி இப்பிடித்தான். நீங்கள் குடிக்கிற சாயத்தண்ணி மாதிரி. அதைப்போல இதிலயும் சீனி இல்லை."

"நுளம்பு பெருகும். மலேரியாக்காரரிட்டச் சொல்லத்தான் இருக்கு."

"சொல்லுங்கோ. இதுகளுக்குச் சாப்பாடே தண்ணியில நெளியிற நுளம்புக் குடம்பிதான். உங்கட தண்ணிப் பீப்பாவிலதான் நாளாந்தம் அள்ளுறனான்."

அதற்குப்பிறகு வடிவம்மா மலேரியாவைப் பற்றிக் கதைக்கவில்லை. ஆனால் நெருப்பெடுக்க, உப்பெடுக்க என்று நாளுக்கு இருதரம் வந்தாள். ஆண்மீன் மேலே மிதந்த சருகின் கீழ் நுரையைத் துப்பித் துப்பிக் கூடு கட்டியது. முட்டைகளை வாயால் பொறுக்கி நுரைக்குள் வைத்துவிட்டு, பெண்மீனைக்கூட அண்டவிடாமல் காவல் நின்றது.

"ஆம்பிளை வீடு கட்டிப் பிள்ளையும் பாக்கிறான்," என்றாள் வடிவம்மா. "எங்கட மனுசனை ஒருக்கா இதில கொண்டுவந்து இருத்தவேணும்."

முட்டை வைத்த மறுநாள், சண்டை நெருங்கியதால் மாங்குளத்துச் சின்னம்மா வீட்டுச் சாமான்களை ஏற்றிவரச் சாருஜன் புறப்பட்டான். சைக்கிளில் காலை வைத்தபடி தாயிடம் சொன்னான்: "அம்மா, தண்ணியை மட்டும் மாத்திப்போடாதேங்கோ. கூடு கலைஞ்சிடும். நான் வந்து பாப்பன்."

தவமணி அன்றிலிருந்து அந்தப் பெட்டியைச் சாமி மாடம்போல் பார்த்தாள். பக்கத்தில் கூட்டும்போதுகூட விளக்குமாற்றை மெல்லத்தான் அசைத்தாள். மகன் வரும்வரை அது அப்படியே இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

மூன்றாம் நாள் காலை செய்தி வந்தது. றோட்டில் ஷெல் விழுந்ததாம். தகப்பன் முத்துலிங்கம் உழவு மெசினில் மகனின் உடலை எடுத்துவரப் போனார். தவமணி வாசற் படலையடியிலேயே விழுந்துவிட்டாள். பெண்கள் அவளை அங்கேயே மடியில் தாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் வடிவம்மா பொறுப்பெடுத்தாள். ஊரில் எந்தச் செத்தவீட்டிலும் அதை அவளிடம் யாரும் கொடுப்பதில்லை, அவளாகவே எடுப்பாள். அடுப்பை அணைத்தாள். சோற்றைக் கொட்டினாள். சாவு விழுந்த வீட்டில் பழைய தண்ணீர் நிற்கக்கூடாது என்பது முறை. உடல் வருமுன் குடம், கிடாரம், செம்பு எல்லாம் கவிழவேண்டும்.

"இது?" என்று கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள் கூட வந்த சுப்பம்மா.

"தண்ணியெண்டால் எல்லாம் தண்ணிதான். பிடி, தூக்குவம்."

அழுகைச் சத்தமும் அவசரமுமாய் இருவரும் அதை வாழையடியில் கவிழ்த்தார்கள். வெறும் கண்ணாடியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தபோதுதான் வடிவம்மாவுக்கு மீன்களின் நினைவு வந்தது. அதற்குள் தவமணி எழுந்து வந்துவிட்டாள்.

"தண்ணி எங்க அக்கா?"

"முறைக்கு ஊத்தினது, பிள்ளை."

"மாத்தவேண்டாமெண்டல்லோ சொல்லிப்போட்டுப் போனவன்."

குரலில் கோபம்கூட இல்லை. அவள் வாழையடிக்குப் போய்க் குந்தினாள். மணல் தண்ணீரை முழுக்கக் குடித்திருந்தது. சருகுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டாள். ஒன்றில் பெண்மீன் ஒட்டிச் செத்துக்கிடந்தது. நுரை இருந்த தடமே இல்லை. கடைசிச் சருகின் அடியில் ஆண்மீன் இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

வடிவம்மா தன் கிணற்றுக்கு ஓடினாள். வாளி வாளியாய்க் கொண்டுவந்து பெட்டியில் ஊற்றினாள். தவமணி சருகுகளைப் பரப்பி மீனை விட்டாள். பளிங்குபோன்ற தண்ணீரில் அது மேலே வந்து, கூடு இருந்த மூலையையே சுற்றிச் சுற்றி வந்தது.

றோட்டு முடக்கில் உழவு மெசின் சத்தம் கேட்டது. முற்றத்தில் ஒப்பாரி உயர்ந்தது. தவமணி எழும்பவில்லை. சருகுகளைத் தண்ணீருக்குள் விரல்களால் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவையளைப் படலையில கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கோ. தண்ணி இன்னும் கறுக்கேல்லை. அவன் வந்து பாத்தால் ஏசுவான்."

வடிவம்மா படலைக்குப் போனாள். மெசின் வந்து நின்றது. முத்துலிங்கம் இறங்கி அவளைப் பார்த்தார். அவள் படலையை இரு கையாலும் சாத்திப் பிடித்தபடி நின்றாள்.