பதிவக்கா பின்னிய தொப்பிகள்

குடிநீர் அலுவலக மேலாளரின் பேரன் முதன்முதலாகப் பேசியபோது அவனுக்கு வயது இரண்டு மாதமும் நான்கு நாளும். குழந்தையைப் பார்க்க வந்தவர்களால் கூடம் நிறைந்திருந்தது. மேலாளர் பேரனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வேலையில் தான் எவ்வளவு சுறுசுறுப்பு என்று சம்பந்திக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அப்போது மஞ்சள் நூல் தொப்பிக்குள்ளிருந்து குழந்தை கணீரென்று, "இந்த மனுஷன் பேனா மூடியத் திறக்க மூணு நாள் ஆகும். திறந்த மூடியத் தேட இன்னும் மூணு நாள்" என்றது. பிறகு ஒரு ஏப்பம் விட்டுவிட்டுத் தூங்கிப்போனது. சம்பந்தி நல்ல மனிதர். ஏப்பம் மட்டுமே காதில் விழுந்ததுபோலக் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். மருத்துவர் வந்து விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை சுத்தமாக இருக்கிறது, உச்சரிப்பும் பரவாயில்லை, தொப்பியை எடுத்துவிட்டால் கொஞ்சம் காற்றோட்டமாக இருக்கும் என்றார். எடுத்தார்கள். அதன்பின் அவன் மற்றப் பிள்ளைகளைப் போல அழ மட்டுமே செய்தான்.

அந்தத் தொப்பியைப் பின்னியவள் அதே அலுவலகத்தில் குறை எழுதும் மேசையில் இருந்தாள். தண்ணீர் வரவில்லை என்பவர்கள், வந்த தண்ணீரில் புழு வருகிறது என்பவர்கள், பக்கத்து வீட்டுக்கு மட்டும் எப்படி வருகிறது என்பவர்கள், எல்லோருக்கும் பதினாறு வருடமாக அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: "பதிவாயிடுச்சுங்க." அதனால் அவளுக்குப் பதிவக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. எவ்வளவு கத்தினாலும் முகம் சுளிக்க மாட்டாள். மதிய இடைவேளையிலும் பேருந்திலும் வீட்டு ஜன்னலோரத்திலும் கைப்பையிலிருந்து குரோஷா ஊசியை எடுத்துக்கொள்வாள். தெரிந்தவர் வீட்டில் குழந்தை பிறந்தால் கட்டைவிரல் நுழையும் அளவில் காலுறை, தொப்பி, போர்வை, சில சமயம் தும்பிக்கை கொஞ்சம் நீண்டுவிட்ட யானை என்று பின்னிக் கொடுப்பது அவளுக்குப் பிடித்த காரியம். பின்னும்போது உதடு அசையாது. உள்ளே மட்டும், பகலெல்லாம் சொல்லாமல் விழுங்கிய பதில்கள் ஓடிக்கொண்டிருக்கும். அவை நூலோடு நூலாகப் போய்த் தொலையட்டும் என்று அவள் நினைத்திருந்தாள். போனது உண்மை. தொலையவில்லை.

மீட்டர் பார்ப்பவரின் மகள், ஐந்து மாதக் குழந்தை, அப்பாவின் மடியில் இருந்தபடியே, "வீட்டுல உக்காந்துக்கிட்டே ரெண்டு தெரு மீட்டரையும் பாத்துடுவாரு, அப்படி ஒரு ஞானக்கண்ணு" என்றாள். மருந்துக்கடைக்காரரின் இரட்டையருக்கான தொப்பிகளை அடுத்தடுத்த நாட்களில் பின்னியதால், இடப்பக்கத்துப் பிள்ளை தொடங்கிய வாக்கியத்தை வலப்பக்கத்துப் பிள்ளை முடித்துவைத்தது. காலுறையும் போர்வையும் எதுவும் செய்யவில்லை. யானை ஒரு தடவை தும்மியதாகச் சொன்னார்கள், அது நிரூபணமாகவில்லை.

விஷயம் வெளியே வந்ததும் மேலாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். வேலை போய்விடும் என்று அவள் கைப்பையையும் எடுத்துக்கொண்டே போனாள். அவர் மின்விசிறியைப் பார்த்தபடி, "இனிமே சாக்ஸ் மட்டும் பின்னும்மா" என்றார். ஆனால் ஊர் கேட்டது தொப்பியைத்தான். குழாய் உடைந்ததைச் சொல்ல வந்த ஒரு மருமகள், எழுதி முடித்ததும் மேசைமேல் குனிந்து, "எங்க அத்தைக்கு ஒரு விஷயம் சொல்லணும்க்கா. நான் சொன்னா சண்டையாயிடும். குழந்தை சொன்னா கேட்டுக்குவாங்க" என்று கிசுகிசுத்தாள். மறுநாள் அந்த அத்தையே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, "என் மருமகளுக்கு ஒண்ணு சொல்லணும்மா" என்றாள். பதிவக்கா இரண்டு பேருக்கும் "பதிவாயிடுச்சுங்க" என்றாள். இரண்டு தொப்பிகளும் அந்த வீட்டுக்குப் போயின. காலையில் பச்சைத் தொப்பியோடு ஒரு கட்சி பேசிய குழந்தை, மாலையில் நீலத் தொப்பியோடு எதிர்க்கட்சி பேசியது. நான்காம் நாள் இரண்டு பெண்களும் அதன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வருடம் அலுவலகத்தில் குறை சொல்ல வந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் தண்ணீர் ஒழுங்காகவே வந்துகொண்டிருந்தது. குழந்தை பார்க்கப் போகிறவர்கள் முதலில் அதன் தலையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள். பதிவக்காவுக்கும் லேசாகத் தலைக்கனம் வந்திருந்தது. கேட்காதவர்களுக்கும் பின்னினாள்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்ற செய்தி வந்தது. அக்காவும் தங்கையும் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. சண்டை ஒன்றும் நடக்கவில்லை, நடந்திருந்தால் தேவலை. அக்காவைக் கட்டிக்கொள்வதாக வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தவர், நாலாவது தடவை வந்தபோது தங்கையைக் கட்டிக்கொள்கிறேன் என்றார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் சிரித்தபடி, "அதனால என்ன, நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் வீட்டுக்கென்று எட்டுப் பேர் சாப்பிடும் மேசைக்கு ஒரு விரிப்பையும் பின்னிக் கொடுத்தாள். அதன்பிறகு பேச்சில்லை.

இப்போது குழந்தைக்குத் தொப்பி பின்னாமல் இருந்தால் மனசு கேட்காது, பின்னினால் மனசு கேட்டதையெல்லாம் அது சொல்லிவிடும். அவள் வெள்ளை நூலை எடுத்தாள். நல்லதாக நினைக்கலாம் என்று உட்கார்ந்தால் மூன்றாவது சுற்றிலேயே நினைப்பு வழுக்கிவிடும். பிரித்தாள். மறுபடி பின்னினாள். பதினொரு தடவை பிரித்ததில் நூல் பஞ்சாகிவிட்டது. புது நூல் வாங்கி, கடைசியில் வாய்ப்பாட்டை மனசுக்குள் சொல்லிக்கொண்டே பின்னுவது என்று முடிவு செய்தாள். ஏழாம் வாய்ப்பாடு வரைக்கும் ஒரு குறையுமில்லை. எட்டாம் வாய்ப்பாடு அவளுக்குப் பள்ளியிலிருந்தே தகராறு. அந்தத் தடுமாற்றத்தில் என்ன உள்ளே போயிற்று என்று பார்க்கத் தைரியமில்லாமல், பொட்டலம் கட்டித் தபாலில் சேர்த்துவிட்டாள்.

தங்கை வீட்டில் அந்தத் தொப்பியைப் போட்டதும் குழந்தை ஓரொண்ணு ஒண்ணிலிருந்து தெளிவாக ஆரம்பித்ததாம். கணக்கில் கெட்டிக்காரனாக வருவான் என்று தகப்பனார் பூரித்துப்போனார். எட்டெட்டு என்று வந்ததும் பிள்ளை நின்றது. அப்பாவை ஒரு பார்வை பார்த்தது. "மூக்கால பேசுற இந்த ஆளு எனக்கு ஒண்ணும் வேண்டியதில்ல. ஆனா நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லடி?" என்று அம்மா பக்கம் திரும்பிச் சொன்னது. அவர் கண்ணாடி முன்னால் போய் மூக்கைப் பார்த்துக்கொண்டார். தங்கை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அடுத்த நாள் கடைக்குப் போய் ஒரு குரோஷா ஊசி வாங்கினாள்.

ஒரு மாதம் கழித்து குறை எழுதும் மேசைக்கு ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே பெரியவர்களுக்கான அளவில், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்ற சிவப்புத் தொப்பி. கடிதம் இல்லை. வரிசையில் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். பதிவக்கா அதைத் தலையில் மாட்டினாள். அவளுடைய வாய் தானாகத் திறந்தது, தங்கையின் குரல் வந்தது. "கேக்கத்தான்க்கா வந்தேன். மூணு நாள் உன் ரூம் வாசல்ல வந்து வந்து நின்னேன். நீ பின்னிக்கிட்டே இருந்த. முப்பத்தெட்டு, முப்பத்தொம்பதுன்னு கண்ணி எண்ணிக்கிட்டு இருந்தியே தவிர, என்னடின்னு ஒரு தடவ நிமிந்து பாக்கல. எனக்கு பயமா இருந்துச்சு. நீ நல்லா இருக்கட்டும்னு சொன்னப்பவும் கையில இருந்த பின்னலத்தான் பாத்துக்கிட்டு சொன்ன."

முன்னால் நின்றிருந்த பெரியவர், மோட்டார் விஷயமாக வந்தவர், "அப்புறம் என்னம்மா?" என்றார்.

"அவ்வளவுதாங்க."

"நியாயமாத்தானே இருக்கு."

பதிவக்கா தொப்பியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு குறைப் புத்தகத்தை எடுத்து, அன்றைய வரிசை எண்ணைப் போட்டு, குறை என்ற இடத்தில் 'நிமிர்ந்து பார்க்கவில்லை' என்று எழுதினாள். யார்மீது என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். எடுத்த நடவடிக்கை என்று கடைசியில் ஒரு கட்டம் உண்டு. பதினாறு வருடத்தில் அவள் அதை நிரப்பியதே இல்லை. 'நேரில் செல்கிறேன்' என்று எழுதிவிட்டு, இரண்டு நாள் விடுப்புக்கு மனு வைத்துவிட்டுக் கிளம்பினாள். வரிசை ஒதுங்கி வழி விட்டது.

நாலு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் அவள் ஊசியை வெளியே எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியேயும் பக்கத்தில் இருந்தவர்கள் முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்தது தங்கைதான். சதை போட்டிருந்தாள், முன்நெற்றியில் நரை. இடுப்பில் வெறுந்தலையோடு குழந்தை, ஆகையால் அது ஒன்றும் சொல்லாமல் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. அக்கா தங்கையின் முகத்தை நேராகப் பார்த்தாள். தங்கையும் பார்த்தாள். இருவர் வாயும் திறந்து திறந்து மூடின, ஒரு சொல்லும் வரவில்லை. வாசல் வெயில் ஒரு படி இறங்கும் அளவுக்கு அப்படியே நின்றார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த வீட்டுக்காரர், உள்ளேயிருந்து தலையை நீட்டி, மூக்கிலிருந்தே கேட்டார்: "வேணும்னா ரெண்டு பேருக்கும் தொப்பிய எடுத்துட்டு வரட்டுமா?"

"வேணாம்!" என்றார்கள் அக்காவும் தங்கையும், ஒரே குரலில்.