மார்ச் வெளிச்சம்

நவம்பரில் வரும் மார்ட்டின் திருநாளில் யார் வீட்டு அடுப்பில் வாத்து வேகிறதோ, அந்தக் குளிர்காலத்தில் எந்த வாரம் பனிச்சறுக்குக்கு மலைக்குப் போவது என்பதை அந்த வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். இரண்டு குடும்பங்களுக்கும் நடுவே எத்தனையோ வருஷமாக இருக்கும் ஏற்பாடு. சொன்னவரைக் கிண்டல் செய்யலாம், திட்டலாம். மாற்றச் சொல்லக் கூடாது. சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருந்ததும் இல்லை. சிரிலின் மனைவி ஸ்லாவ்கா பள்ளி ஆசிரியை. பிப்ரவரியில் கிரான் நகரப் பள்ளிகளுக்கு ஒரு வாரம் விடுமுறை வரும். எல்லோரும் அந்த வாரத்தையே சொல்வார்கள், புது ஒயினை ஊற்றிக்கொள்வார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

இந்த முறை வாத்து மெத்தோத் வீட்டில்.

"மார்ச் கடைசி," என்றார் மெத்தோத்.

சிரில் முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். "என்னது?"

"மார்ச் கடைசி வாரம்."

"டேய், அது சறுக்குற மாசமாடா? கஞ்சிக்குள்ள கால விட்டுக்கிட்டு நடக்குற மாசம். மார்ச்ல மலைக்கு வர்றவன்லாம் முதுகு காய வெக்கத்தான் வர்றான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சது யாரு? நீதானே?"

"வயசாகுது. முதுகும் காயணும்ல."

"தரிங்கா, உன் புருஷனுக்கு என்ன ஆச்சு? ஒயின் இன்னும் பாதிகூட இறங்கலயே."

தரிங்கா சிவப்பு முட்டைக்கோஸை எல்லோருடைய தட்டிலும் இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டே போனாள்.

"எனக்கு லீவு கிடையாதே, மெத்தோத்," என்றாள் ஸ்லாவ்கா. குறையாகச் சொல்லவில்லை, நினைவுபடுத்துவதுபோல்தான் சொன்னாள். "சனி, ஞாயிறு வந்துட்டு ஓடிடணும். சரி விடு. நீ சொன்னா சொன்னதுதான்."

அவள் அப்படி விட்டுக்கொடுத்ததும் மெத்தோத் தட்டைத் தள்ளிவைத்தார்.

தலைநகர் லூப்லியானாவில் கண் மருத்துவர் விஷயத்தைச் சொல்லி இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. பார்வை நரம்பு மெல்ல மெல்லத் தேய்கிறது, சொட்டு மருந்து அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. எழுத்து படிக்க முடியும். முகங்கள் தெரியும். ஆனால் ஒரே நிறத்துக்குள் மேடு எது பள்ளம் எது என்பது அவருக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. வெள்ளை மேஜைவிரிப்பில் வெள்ளைத் தட்டு தொலைந்துபோகும். பிப்ரவரி மாதத்து மலையில் வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை, நடுவில் இருக்கும் மூடுபனியும் வெள்ளை. அங்கே அவர் கண்ணை மூடிக்கொண்டு சறுக்குவதும் திறந்துகொண்டு சறுக்குவதும் ஒன்றுதான்.

சிரிலின் சிவப்புச் சட்டைதான் அவரை இரண்டு வருஷமும் கீழே கொண்டுவந்து சேர்த்தது. சிவப்பு இறங்கினால் பள்ளம், துள்ளினால் மேடு, சாய்ந்தால் திருப்பம். "ஏன்டா என் பின்னாடியே வால் மாதிரி வர்ற?" என்று சிரில் கேட்கும்போதெல்லாம், "உன் அழகப் பாத்துக்கிட்டே வர்றேன்," என்பார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். தரிங்கா சொல்லச் சொல்லிக் களைத்துப்போயிருந்தாள். ஆனால் ஒரு தடவை, கண் மங்கிய யாரோ ஒரு பெரியவர் சரிவில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட செய்தி வந்தபோது, சிரில் சொன்ன வார்த்தை மெத்தோத்தின் காதிலேயே தங்கிவிட்டது. "கண்ணு தெரியாதவனுக்கு மலையில என்ன வேல? கீழ உக்காந்து சூப்பு குடிக்க வேண்டியதுதானே." அன்று மெத்தோத்தும் சேர்ந்துதான் சிரித்தார்.

சூப்பு குடிப்பதில் அவருக்கு வருத்தமில்லை. மலையே போனாலும் ஒருவிதமாகத் தாங்கிக்கொள்வார். கம்பியில் தொங்கும் அந்த நாற்காலியில் சிரிலோடு தோள் உரச உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் மேலே போகும் நேரம் இருக்கிறதே, அதை இழக்கத்தான் அவர் தயாராக இல்லை. ராணுவத்தில் ஒரே கூடாரத்தில் போடப்பட்டு, சிரில், மெத்தோத் என்ற அண்ணன் தம்பிப் புனிதர்களின் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று படையே கேலி செய்த நாளிலிருந்து, அவர்களுடைய நட்பு பெரும்பாலும் மௌனத்தில்தான் நடந்திருக்கிறது. பேச்சு மற்றவர்களுக்காக. சொல்லிவிட்டால் அடுத்த வருஷம் அந்த நாற்காலியில் சிரில் தனியாகப் போவார், இரக்கத்தோடு கீழே திரும்பிப் பார்ப்பார்.

மார்ச்சில் வெயில் இருக்கும். வெயில் இருந்தால் நிழல் இருக்கும். நிழல் இருந்தால் மேடு தெரியும். அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

மார்ச் வந்தது. சனிக்கிழமை போஹின் ஏரிக்கு மேலே ரோப் காரில் ஏறி விடுதியில் இறங்கியபோது மேகம் மலையை மூடியிருந்தது. "முதுகு காயுதாடா?" என்றார் சிரில். முழங்கால் வலி என்று சொல்லி மெத்தோத் நாள் முழுவதும் விடுதிக்காரி மிலேனாவின் சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்து சீட்டாடினார். ஜன்னலுக்கு வெளியே எதுவும் இல்லாதது மாதிரி ஒரு வெண்மை. அவர் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் வானம் சுத்தமாகத் துடைத்துவிட்டது போலிருந்தது. மெத்தோத் மட்டும் எழுந்தார். முதல் தடவை தனியாகப் போய்ப் பார்த்துவிட வேண்டும். முடியவில்லை என்றால் அது தனக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும்.

வசந்தகாலப் பனி எப்படி என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இரவில் கல்லாக உறையும். காலை வெயில் மேல்பரப்பை ஒரு விரல் ஆழத்துக்கு இளக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் சறுக்கும் நேரம். வெண்ணெயில் கத்தி போவது மாதிரிப் போகலாம். பிறகு கஞ்சி. மெத்தோத் கைபேசியைப் பார்த்தார். மணி சரியாகத்தான் இருந்தது. கம்பி நாற்காலியில் ஏறி உச்சியில் இறங்கினார்.

சறுக்குக் கட்டைகளில் ஓர் அடி நகர்ந்ததும் கண்ணாடியில் ஆணியால் கீறியது போல் கரகரவென்று சத்தம் வந்தது. ஊன்றுகோலால் குத்தினார். கோல் துள்ளித் திரும்பியது. சூரியன் எதிரே இருக்கும் முகட்டுக்கு மேல் இப்போதுதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. மார்ச்சின் கடைசி ஞாயிறு. இரவில் நாட்டுக் கடிகாரமெல்லாம் கோடைக்கால நேரத்துக்காக ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. கைபேசி தானாகவே மாற்றிக்கொண்டுவிட்டது, சூரியன் மாற்றிக்கொள்ளவில்லை. அவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நிற்கிறார். வேலைக்காலம் முழுவதும் ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் இருந்து, இந்த ஒரு இரவுக்காகவே வருஷா வருஷம் கால அட்டவணையோடு மல்லுக்கட்டியவர் அவர். அவருக்கே மறந்துபோயிற்று. தன்னையே திட்டிக்கொள்ள வாயைத் திறந்தார்.

திறந்த வாய் அப்படியே நின்றது.

தாழ்ந்த வெயில் சரிவின் குறுக்கே படுத்துக் கிடந்தது. இரவில் இயந்திரம் வாரிவிட்டுப் போன வரிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீல நிழல், சீப்பால் வாரிய தலைமுடி மாதிரி. இடது பக்கம் ஒரு திமில், அதற்குப் பின்னால் ஒரு குழி, யாரோ நேற்று விழுந்து எழுந்த தடம், அதன் ஓரத்தில் கையுறையின் ஐந்து விரல்கள். இரண்டாவது திருப்பம் தெரிந்தது. மூன்றாவதும் தெரிந்தது. மலைக்கு மறுபடி உடம்பு வந்திருந்தது. மெத்தோத் நகரவில்லை. கண்ணைச் சிமிட்டக்கூடப் பயந்தார்.

"எவன்டா கடிகாரத்தக் கண்டுபிடிச்சவன்!" பின்னால், நாற்காலியிலிருந்து குதித்த சிரிலின் குரல். "வழுக்குது பாரு, சமையலறைத் தரை மாதிரி! உன்ன மாதிரி ரயில்வேக்காரன் இருந்து என்ன புண்ணியம்? எங்கிட்ட சொல்லாம எங்கடா கிளம்பின?" பக்கத்தில் வந்து நின்றார். மெத்தோத்தின் முகத்தைப் பார்த்தார். "என்னடா? அழறியா?"

"தெரியுதுடா."

"என்ன தெரியுது?"

"எல்லாம்."

பிறகு சொன்னார். மருத்துவர், நரம்பு, மூடுபனி, சிவப்புச் சட்டை, சூப்பு வரை. குறைந்த வார்த்தைகளில், சரிவைப் பார்த்துக்கொண்டே.

சிரில் கட்டைகளைக் கழற்றி, பனியில் உட்கார்ந்தார். கீழே எங்கோ ரோப் கார் கம்பி முனகியது.

"ரெண்டு வருஷமா என் முதுகப் பாத்தா இறங்கின?"

"ஆமா."

"அறிவுகெட்டவனே." சிரிலின் குரல் உடைந்திருந்தது. "பிப்ரவரி மூட்டத்துல எனக்கு மட்டும் என்னடா தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. பின்னாடி உன் கட்ட சத்தம் கேக்குதான்னு காதத் தீட்டிக்கிட்டே இறங்குவேன். மெத்தோத் வர்றான், நிதானமானவன், வழி தப்புன்னா கத்துவான்னு ஒரு தைரியம். அந்தத் தைரியத்துலதான்டா போனேன்!"

மெத்தோத் அவரைத் திரும்பிப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. காலியான மலையில் அந்தச் சிரிப்பு போய் மோதித் திரும்பி வந்தது.

"அந்த சூப்பு பேச்சு..." என்றார் சிரில், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வாய்க்கு வந்தத சொன்னதுடா. அதப் போயி இத்தன நாள் தூக்கிட்டுத் திரிஞ்சியா?"

"நெஜமா சொன்ன மாதிரி இருந்துச்சு."

"போடா."

சிரில் கையுறையைக் கழற்றிக் கைபேசியை எடுத்தார். "மிலேனா? சிரில். ஆமா, மேலதான் இருக்கோம், முட்டாளுங்க ரெண்டு பேரும். கேளு. அடுத்த வருஷமும் இதே வாரம். ரெண்டு அறை. ஒரு ஆசிரியை மட்டும் வெள்ளிக்கிழம கடைசி ரோப் கார்ல வருவா, அவளுக்கு சாப்பாடு எடுத்து வெக்கணும். அதுக்கடுத்த வருஷமும் எழுதிக்கோ. என்ன?" காதிலிருந்து எடுத்து மெத்தோத்திடம் சொன்னார். "இந்த வாரத்துக்கு நம்மளோட சண்ட போட ஒரு ஆளும் கிடையாதாம். விடுதியையே எடுத்துக்கச் சொல்றா."

"ஸ்லாவ்கா?"

"அவ கிட்ட நான் பேசிக்கறேன். சூப்பு விஷயம் தெரிஞ்சா எனக்குத்தான் அடி விழும், உனக்கு இல்ல."

மெத்தோத் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தோள்கள் உரசின. நீல நிழல்கள் கண்ணுக்கெதிரே கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கின. சிரில் அவ்வப்போது கட்டைவிரலால் பனியை அழுத்திப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, மறுபடி சும்மா இருந்தார்.

சொல்ல வேண்டியது ஒன்று மெத்தோத்திடம் பாக்கி இருந்தது. இந்த மாதிரி வார்த்தைகளை அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே கிடையாது. சொன்னால் ஒரு வாரம் வைத்துக் கேலி செய்வான் என்று தெரிந்தது. இருந்தும் சொன்னார்.

"என்ன?" என்றார் சிரில்.

"நன்றின்னு சொன்னேன்."

சிரில் பனியில் விரலை அழுத்தினார். இந்த முறை விரல் உள்ளே போயிற்று.

"எந்திரிடா," என்றார். "இளகிடுச்சு."